உன் அத்தை கொண்டுவந்த கறுப்புப் பெட்டி

கதிர்,

இதை வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருக்கலாம். நீ டிராமில் போகும்போது பாதி கேட்டுவிட்டு, "கேட்டேன்மா, சூப்பர்" என்று ஒரு வரி போட்டிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்கிறேன். கலெக்டருக்கு மனு, வாடகை ஒப்பந்தம், காதுகுத்துப் பத்திரிகை என்று இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் டைப் செய்து கொடுத்தவள், எனக்கென்று ஒரு பக்கம்கூட அடித்ததில்லை. அதுவும் இது ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை. உன் பெண்டாட்டி நித்யா படிக்கட்டும், அவள் அம்மா உமா படிக்கட்டும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற எந்தத் தாயும் படிக்கட்டும். பொறாமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அடுத்தவர் பொறாமை இல்லை, என்னுடையது. உன் மாமியார்மீது எனக்கு வந்தது, இன்றைக்கும் முழுசாகப் போகாதது.

அது உன் கல்யாணத்திலேயே தொடங்கிவிட்டது என்று உனக்குத் தெரியாது. வரவேற்பு அன்று மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து உங்கள் போட்டோக்களை ஓட்டினார்களே, அது பாதியில் நின்று போனது ஞாபகம் இருக்கிறதா? போட்டோக்காரப் பையன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். எனக்கும் கை துறுதுறுத்தது. நம் டைப்பிங் கடையில் நான் பார்க்காத ஒயரா? ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, பட்டுப்புடவை, தாம்பூலத் தட்டு. அப்படியே நின்றேன். உமா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் குனிந்தார், என்னவோ இரண்டு தட்டு தட்டினார், படம் ஓடியது. நீ மேடையிலிருந்து உன் நண்பனிடம், "எங்க அத்தை செம இல்ல?" என்றாய். எங்க அத்தை. தாலி கட்டுவதற்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது. நான் தட்டில் இருந்த கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

உமாவைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் பெரிய இம்சை. வேலூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். நித்யா எட்டாவது படிக்கும்போது கணவர் தவறிவிட்டார். அதற்கப்புறம் தனி ஆளாக நின்று பெண்ணை என்ஜினீயர் ஆக்கியவர். அதிர்ந்து பேசமாட்டார். சீர் விஷயத்தில் ஒரு முகச்சுளிப்பு இல்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், "ஒரு குத்தமும் இல்லாத பொம்பளய எப்படிங்க புடிக்கும்?" அவர் டிக்கெட் பையைத் தட்டி மாட்டிக்கொண்டே, "நீ பண்றதுதான் குத்தம்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். முப்பது வருஷமாகக் கண்டக்டராக இருக்கிறவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

உனக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு இருந்தது, அதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஒன்பதாவது படிக்கும்போது கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதற்கு முன்னால் இரண்டு வாரம் நீ தரையில் சார்ட் பேப்பரை விரித்துக் கட்டம் போட்டாய். இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி, இதில் மெமரி இவ்வளவு, அதில் ஹார்ட் டிஸ்க் அவ்வளவு. நான் அடுப்பங்கரையிலிருந்து கத்துவேன், "டேய், பிரிண்டர் சொருகற எடம் எத்தன இருக்குன்னு பாத்தியா?" நீ அதற்கும் ஒரு கட்டம் போடுவாய். அன்றிலிருந்து மிக்ஸி, வாஷிங் மெஷின், உன் முதல் போன், அப்பாவுக்குக் கண்ணாடி ஃபிரேம் எதுவாக இருந்தாலும் நீயும் நானும் இரண்டை எதிரெதிரே வைத்துச் சண்டை போட்டுத்தான் வாங்கினோம். வாங்கின பொருள் முக்கியமில்லை. நீ ஒன்றின் பக்கம் நிற்பாய், நான் வேண்டுமென்றே இன்னொன்றின் பக்கம் நிற்பேன். உன்னோடு நான் அதிகமாகப் பேசியதெல்லாம் அப்படித்தான். படிப்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ நீ என்னிடம் பெரிசாகப் பேசியதில்லை. ஆண்பிள்ளைகள் பேசமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். கட்டம் போட்ட பேப்பர் போதும் என்று இருந்தேன்.

தை மாதம் கல்யாணம், சித்திரையில் நீங்கள் இருவரும் ஜெர்மனிக்கு விமானம் ஏறினீர்கள். ஆனியில் கடைக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. காலடியில் பீரோ மாதிரி நின்றுகொண்டு ரைஸ்மில் சத்தம் போடுமே, அதுதான். ஒருநாள் சத்தமே வரவில்லை. சர்வீஸ்காரர் திறந்து பார்த்து, "போர்டே போச்சுக்கா. இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். இப்பல்லாம் குட்டியா வருது, மானிட்டருக்குப் பின்னாடியே மாட்டிக்கலாம்" என்றார். கவலைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். சாக்கு கிடைத்துவிட்டது இல்லையா? அன்று சாயங்காலமே உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "சின்ன டெஸ்க்டாப் வாங்கணும்டா. எந்தக் கம்பெனி நல்லா இருக்கும், பாரு" என்று. ராத்திரி வீடியோவில் வருவாய், கட்டம் போடுவாய், நான் கத்துவேன் என்று சமையலைக்கூடச் சீக்கிரம் முடித்து வைத்தேன்.

மறுநாள்தான் பதில் வந்தது. "இங்க ஆபீஸ்ல ஒரே டென்ஷன்மா. அத்தைகிட்ட சொல்லிட்டேன். அவங்க ஸ்கூல் லேபுக்கு இதேதான் பாத்துனு இருக்காங்களாம். சூப்பரா கம்பேர் பண்ணி வெச்சிருக்காங்க, பாரும்மா." கூடவே ஒரு பிடிஎஃப். திறந்தேன். அழகான கட்டங்கள். ஒரு பக்கம் இந்தக் கம்பெனிகள், இன்னொரு பக்கம் மெமரி, போர்ட், மின்சாரச் செலவு, சூடு. கடைசிக் கட்டத்தில் பச்சை நிறத்தில், "கடை உபயோகத்துக்கு இது சிறந்தது" என்று ஒரு மாடலுக்கு நேராக எழுதியிருந்தார். அதை வாசலில் வைத்தே பார்த்தேன். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்திருக்கிற அந்த இத்தாலிக்கார அம்மா விசா பேப்பர் பிரிண்ட் எடுக்க வந்து நின்றார். மெஷின் இல்லை என்று நான் சொன்ன தொனியில் பயந்து போய், "சாரி, சாரி" என்று அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

சொல்கிறேன் கேள், உமா எழுதியது ஒவ்வொன்றும் சரி. அது சரியாக இருந்ததால்தான் எனக்கு எரிந்தது. தப்பாக இருந்தால் சிரித்திருப்பேன். நம் தரையில், நம் சார்ட் பேப்பரில், வேறொருவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. நீ எனக்கு ஒரு கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கச் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்தாய். கொடுத்தது கம்ப்யூட்டர் வேலையை மட்டும்தான் என்று நீ நினைத்தாய்.

மறுநாள் தேரடித் தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பச்சை நிறத்தில் உமா எழுதியதை விட்டுவிட்டு வேறு எதுவாக இருந்தாலும் சரி என்ற முடிவோடுதான் படியேறினேன். கம்பெனிப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை, நிறத்தை வைத்தே சொல்கிறேன். உமா சொன்னது கறுப்பு. நான் எடுத்தது வெள்ளை. அரைக் கிலோ ஸ்வீட் பெட்டி அளவுதான் இருந்தது, வழவழவென்று, மூலையெல்லாம் உருண்டு. உள்ளே ஃபேனே கிடையாது, சத்தமே வராது என்றார் கடைக்காரர். அதைவிட முக்கியம், உன் லேப்டாப் கம்பெனியும் அதேதான். நீ ஜெர்மனியில் எதைத் திறந்து வேலை செய்கிறாயோ அதன் தம்பி நம் கடையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். "ரெண்டு நாள் வெச்சிப் பாருங்கம்மா, புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க" என்று டெமோ பெட்டியைக் கொடுத்தார்.

கறுப்பு எப்படி வந்தது என்பதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை காலை உமா போன் செய்தார். "அக்கா, எங்க ஸ்கூலுக்கு சப்ளை பண்றவர்கிட்ட ஒரு பீஸ் வாங்கினு வரேன். உங்க பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் அதுல ஓடுதான்னு நேர்ல போட்டுப் பாத்துடலாம்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வரச் சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். அன்று ஆடிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் வேலூர் பஸ் ஊருக்குள் வராது, வேலூர் ரோட்டிலேயே தற்காலிகப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள். வழியிலேயே மலைத்துப் போய்த் திரும்பிவிடட்டும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார். பாதி தூரம் ஆட்டோ, மீதி தூரம் கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடை. தோளில் பை, நெஞ்சோடு அணைத்த அட்டைப்பெட்டி. யாரோ நெற்றியில் விபூதி வேறு பூசிவிட்டிருந்தார்கள். செருப்பு அறுந்து கையில் இருந்தது. "இன்னிக்குப் பௌர்ணமின்னு மறந்தே போய்ட்டேன்க்கா. நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று சிரித்தார். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். அவர் மோரைக் குடித்த பிறகுதான் மேஜைமேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

"ஓ, நீங்களும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கீங்களா?"

"கதிர் லேப்டாப் கம்பெனி. அவனுக்கு இதுதான் புடிக்கும்" என்றேன்.

உமா அட்டைப்பெட்டியைப் பிரித்தார். கறுப்பை எடுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார். தடிமனான அகராதி மாதிரி இருந்தது, அழகும் இல்லை ஒன்றும் இல்லை. பின்னால் மட்டும் துளை துளையாக எத்தனை போர்ட். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுவோம்க்கா" என்றார். என் மனசு அப்போது கட்டம் போட ஆரம்பித்தது. உன்னோடு போடும் கட்டம் வேறு, இது வேறு. இதில் நான் ஜெயிக்க வேண்டும்.

முதலில் நம் பழைய மானிட்டர். கறுப்பில் நேராகச் சொருகியது. வெள்ளைக்கு இடையில் ஒரு கன்வெர்டர் வாங்க வேண்டும் என்றார் உமா, அதனால் மாடி டிவியைக் கீழே இறக்கி அதில் சொருகினோம். கறுப்புக்கு ஒன்று. ஆன் ஆகிற வேகத்தில் வெள்ளை முந்தியது. எனக்கு ஒன்று. கறுப்பில் ஃபேன் லேசாக இரைந்தது. "பாத்தீங்களா, சத்தம்" என்றேன். "ஆமாங்க்கா" என்று ஒத்துக்கொண்டார். பிரிண்டர் இரண்டிலும் ஓடியது. ஸ்கேனரும் பிரிண்டரும் கைரேகை மெஷினும் கீபோர்டும் மவுசும் ஒரே நேரத்தில் சொருக வெள்ளையில் இடம் பத்தவில்லை. கறுப்பில் எல்லாம் போக மிச்சம் இருந்தது. கறுப்பில் நாளைக்கு மெமரி கம்மி என்று தோன்றினால் மூடியைத் திறந்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். வெள்ளையில் போர்டோடு ஒட்டியே வருகிறது, இருப்பதுதான். அப்புறம் பிரௌசரில் நிறையப் பக்கம் திறந்து எது திணறுகிறது என்று பார்க்கும் கட்டம். உமா செருப்பைத் தைக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். கறுப்பில் படபடவென்று ஏகப்பட்டதைத் திறந்தேன், வெள்ளையில் நாலே நாலு. அவர் வந்து இரண்டு திரையையும் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கறுப்புல இன்னும் ஒரு நாலு தொறந்து பாருங்கக்கா, தாங்குதான்னு தெரியும்" என்றார். திறந்தேன். தாங்கியது. காது மடல் சுட்டது எனக்கு.

மதியம் மூன்று மணி இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண்ணின் பெயர் பவித்ரா. என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும், அன்று ஐந்து மணியோடு முடிகிறது. "எங்க ஊர்ல நெட்டு இல்லம்மா. இங்க வந்தா பஸ்ஸ தூரமாவே நிறுத்திட்டான். ஓடியாந்தோம்" என்று அந்த அம்மா வாசலிலேயே மூச்சு வாங்கினார். அவர்களை எதில் உட்கார வைப்பது? கேள்வியே இல்லை. வெள்ளையின் முன்னால் உட்கார்ந்தேன். உமா பார்க்கட்டும் என்றுதான்.

பவித்ரா கல்லூரிப் பெயர்களைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஏற்றினேன். வாசலில் கிரிவலக் கூட்டம் பெருகியதால் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். உள்ளே வெக்கை. நேரம் போகப் போக வெள்ளை மந்தமாகியது. ஒரு எழுத்து அடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரையில் போட்டது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சத்தம் வராத பெட்டிக்குள்ளிருந்து சூடு வெளியே போக வழியில்லை, இட்லிக் குண்டானைத் தொட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அது அப்படியே நின்றது. மவுஸ் அசையவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் பவித்ராவின் அம்மா.

"ஒண்ணுமில்ல, இப்ப வந்துடும்."

வரவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன். வந்தது, நாலு பெயர் ஏற்றியதும் மறுபடி நின்றது. அந்தப் பெண் அழவில்லை, சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள், விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. பக்கத்திலேயே கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும். கதிர், சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் அந்த நாற்காலியிலிருந்து நகர முடியவில்லை. நகர்ந்தால் நீ உன் அத்தையிடம் கேட்டது சரியாகிவிடும். ஒரு பெண்ணின் படிப்பு திரையில் நிற்கிறது, நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் பார்.

உமா எழுந்து கறுப்பின் முன்னால் இருந்த நாற்காலியைப் பின்னால் இழுத்தார். தான் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தொட்டு, "இப்படி உக்காருங்கக்கா. எனக்கு இந்த சைட் தெரியாது. நீங்கதான் பண்ணணும்" என்றார். எழுந்தேன். உட்கார்ந்தேன். லாகின் செய்து விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். உமா பக்கத்தில் நின்று பவித்ராவின் பட்டியலை வாசித்தார். நடுநடுவே அந்தப் பெண்ணிடம், "இந்தக் காலேஜ் உனக்கு ரொம்பத் தூரமாச்சேம்மா, ஹாஸ்டல்ல இருப்பியா?" என்று கேட்டு இரண்டு பெயரை மேலே கீழே மாற்ற வைத்தார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் உறுதி செய்து, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். பவித்ராவின் அம்மா என் கையையும் உமா கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா தங்கச்சியா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். 

அதற்குள் ரோடு நிரம்பி வழிந்தது. உமா உடனே திரும்ப முடியாது. ஷட்டரை இறக்கிவிட்டு மாடியில் நம் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், அப்போது என் போன் அடித்தது. நித்யா. தினமும் அந்த நேரத்துக்குத்தான் பேசுவாள், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். உனக்கே தெரியுமோ தெரியாதோ, உன் பெண்டாட்டி தினம் என்னோடு பேசுகிறாள். காய்கறி விலையிலிருந்து அவள் மேனேஜர் வரைக்கும். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் உமாவின் முகம் மலர்ந்தது. அது என் போன் என்பது பிறகுதான் உறைத்தது போல. "இந்த நேரத்துக்கா? எனக்கு ஞாயித்துக்கிழம ராத்திரிதான் பண்ணுவா" என்றார். மறைக்க மாட்டேன் கதிர், அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையெல்லாம் மாவு என்று சாக்குச் சொல்லி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். அவர் கேட்கட்டும் என்று.

"அத்தை, அம்மா கம்ப்யூட்டர் எடுத்துனு வரேன்னு சொன்னாங்களாமே? வந்துட்டுப் போய்ட்டாங்களா?" என்றாள் நித்யா. நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்ந்தாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அத்தை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஆனா தான் சொல்றதுதான் சரின்னு நிப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு டிரெஸ்கூட அவங்கதான் டேபிள் போட்டு எடுப்பாங்க. நீங்க உங்களுக்குப் புடிச்சதயே வாங்குங்க. அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

உமா தட்டிலிருந்த வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. நான் காலையிலிருந்து ஆசைப்பட்டது மொத்தமும் என் சமையலறைக்குள் வந்து கிடந்தது. நான் ஜெயித்துவிட்டேன். அவர் பெண்ணே எனக்குச் சாட்சி. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தேன்.

"நித்யா, உங்கம்மா கொண்டாந்ததுதான் நல்லா இருக்கு" என்றேன். "நான் பாத்து வெச்சது சூட்டுல நின்னு போச்சு. ஒரு பொண்ணோட கவுன்சலிங்கே போயிருக்கும். உங்கம்மா டேபிள்ல போட்டது ஒவ்வொண்ணும் கரெக்ட். அதத்தான் வெச்சுக்கப் போறேன்." சொல்லி முடித்த பிறகுதான் அது முழுக்க உண்மை என்பது எனக்கே உறைத்தது. நித்யா, "அப்படியா அத்தை?" என்று ஆச்சரியப்பட்டாள். "இங்கதான் இருக்காங்க, பேசு" என்று போனை உமா பக்கம் தள்ளினேன். "அழறியாம்மா?" என்றாள் நித்யா. உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்டி" என்றார். அப்புறம் அம்மாவும் பெண்ணும் ஏதோ பேசினார்கள், நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

போனை வைத்ததும் உமா சொன்னார், "என்கிட்ட அவ எதச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா'ன்னுதான்க்கா சொல்லுவா. இவ்ளோ பேசுவான்னே எனக்குத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "உங்களப் பாத்தா எனக்கு எவ்ளோ எரிச்சலா இருந்துச்சு தெரியுமா?" என்றார். பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எனக்கும்தான்" என்றேன்.  பஜ்ஜியில் உப்பு ஜாஸ்தி. அவர் அதையும் சொன்னார். சொல்லாமல் இருக்க மாட்டார், உன் அத்தை.

கறுப்புப் பெட்டி கடையில் ஓடுகிறது. அழகு கிடையாது, ஆனால் பகல் முழுக்க ஷட்டர் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்து உழைக்கிறது. வெள்ளையைத் திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன், உமா தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலத்தில் அவர் ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார், ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கிறது என்று பிள்ளைகள் புகார் சொல்வார்களாம். ஏசி ரூமில் ஒரு மணி நேரப் பாடத்துக்கு வெள்ளை சூடேறுவதில்லை. ஆக நான் தேர்ந்தெடுத்ததும் தப்பில்லை, எந்த வேலைக்கு என்பதில்தான் தப்பு. இதை அவரே சொன்னார். நான் அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இதிலிருந்து உனக்கு என்ன புத்தி சொல்ல? பெரிதாக ஒன்றும் இல்லை. என் வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். ஆபீஸில் டென்ஷன் என்றால், "டென்ஷன், அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்று சொல், ஒரு வாரம் நான் பிரிண்ட் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருப்பேன், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நித்யா அவள் அம்மாவோடு பேசும்போது நீ நடுவில் புகுந்து சிரிக்க வைக்காதே, அவளை விட்டுவிடு, கொஞ்ச நேரமாவது "சரிம்மா" சொல்லாமல் பேசட்டும். உன் அத்தையைப் புகழ், தாராளமாகப் புகழ், ஆனால் நான் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போது வேண்டாம். அப்புறம் இன்னொன்று. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னைவிட வேறு யாரிடமாவது அதிகமாக ஒட்டிக்கொண்டால் உனக்கும் எரியும். எரியட்டும். அதை வைத்துக்கொண்டு யாருடைய பஸ்ஸையும் வேலூர் ரோட்டிலேயே நிற்க விடாதே.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன வாரம்கூட நீ உமாவுக்கு அனுப்பிய பனிப் போட்டோ எனக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவருக்குப் போயிருந்தது. நேரத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ அத்தைக்குப் போன் செய்திருக்கிறாய், லைன் பிஸி. எனக்குச் செய்தாய், பிஸி. மறுபடி அவருக்கு, மறுபடி எனக்கு. கடைசியில் நான் எடுத்ததும், "ரெண்டு பேரும் அப்படி யார்கூடம்மா பேசினு இருந்தீங்க இவ்ளோ நேரம்?" என்று கேட்டாய்.

"நாங்க ரெண்டு பேரும்தான்டா பேசினு இருந்தோம். கடைக்குக் கலர் பிரிண்டர் வாங்கணும். ரெண்டு கம்பெனி பாத்து வெச்சிருக்கோம். அவங்க ஒண்ணு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்றேன்."

"பிரிண்டரா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்ல?"

"நீதான் பிஸியாச்சே."

 பின்னால் உங்கள் ஊர் டிராம் மணி அடித்தது. "எந்தெந்த மாடல்மா?" என்றாய், சின்னக் குரலில். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், போன ஆறு மாதமாக என் தொண்டையில் இருந்த குரல் அது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் எதுவும் பொங்கவில்லை.

பிரிண்டர் இன்னும் வாங்கவில்லை, கதிர். உமா தினமும் நச்சரிக்கிறார், கடைக்காரரும் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான்தான் வாங்காமல் வைத்திருக்கிறேன்.

அம்மா